சாவி ஓட்டையில் சந்தனம்

பூபாலனின் புல்லட் சாவி, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருத்தணியில் ராஜகோபாலின் பூஜை சாமான் கடை வாசலில் உடைந்தது. பாதி அவன் கையோடு வந்துவிட்டது. மீதிப் பாதி ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் சாவித் துவாரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவன் மனைவி நிர்மலா இரண்டு பைகளோடு பின் சீட்டில் ஏறத் தயாராக நின்றிருந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"கையில இன்னா அது?"

"சாவி."

"நம்ம சாவி அவ்ளோதானா?"

பூபாலன் கையில் இருந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற அவனுக்கு நிலத்துக்கு அடுத்தபடி உயிர் அந்த வண்டிதான். எழுபத்துநாலாம் வருஷத்து மாடல். ராணிப்பேட்டையில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவரிடம் கல்யாணத்துக்குச் சற்று முன்பு வாங்கியது. கண்ணாடியிலிருந்து கடைசி போல்ட் வரை எல்லாம் ஒரிஜினல் என்பான். சாவிகூட ஒரிஜினல்தான். அதனால்தான் ஒன்றே ஒன்று இருந்தது.

டூப்ளிகேட் சாவி போட அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் திருத்தணியில் பழைய வண்டிக்குச் சாவி போட நம்பிக்கையான ஆள் ஒருவர்தான். அவர் நிர்மலாவின் அண்ணன் பக்தவச்சலம்; பூபாலனுக்கு மச்சான், அவர்கள் பக்கத்து வழக்கில் பாவா. பூபாலனும் பக்தவச்சலமும் பேசிக்கொண்டு ஐந்து வருஷம் ஆகிறது. "அரக்கோணம் போனா போட்டுக்கலாம்" என்று ஐந்து வருஷமாகச் சொல்லிவந்தான். அரக்கோணத்துக்கும் நாற்பது தடவை போய் வந்திருப்பான்.

சண்டை பெரிய சண்டை இல்லை. இவர்களுடைய கல்யாணத்துக்கு முந்தின இரவு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் காருக்குப் பதிலாக புல்லட்டில்தான் வருவேன் என்று பூபாலன் அடம்பிடித்து வந்தான். மண்டப வாசலில், பேண்டு வாத்தியம் முழங்க, வண்டி நின்றுவிட்டது. எட்டு முறை உதைத்தும் கிளம்பவில்லை. அப்போது பக்தவச்சலம் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்ள, இத எடைக்குப் போட்டா ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. மாலையோடு நின்றிருந்த பூபாலன் திரும்பி, "கள்ளச்சாவி போடறவங்களுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?" என்றான். கூட்டம் அதற்கும் சிரித்தது. கூட்டம் சிரித்து முடித்து சாப்பிடப் போய்விட்டது. இவர்கள் இரண்டு பேரும் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அதற்காக நிர்மலாவை அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பூபாலன் ஒருநாளும் சொன்னதில்லை. மாதம் ஒருமுறை வண்டியில் அழைத்துவந்து அண்ணன் கடை இருக்கும் சந்து முனையில் இறக்கிவிடுவான். எஞ்சினை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பதி பஸ் போகிற பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பான். உள்ளே பக்தவச்சலம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். "நிம்மி, டாப்பெட் அடிக்குது. நான் சொன்னேன்னு சொல்லாத" என்பார். நிர்மலா வீட்டுக்குப் போய், "வண்டியில ஏதோ டக்குடக்குன்னு சத்தம் வருதுங்க" என்று தானே கண்டுபிடித்தவள்போல் சொல்லுவாள். பூபாலனும் மறுநாளே எஞ்சினைத் திறந்து டாப்பெட்டை சரிசெய்துவிடுவான்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை மலை மேல் அவர்களுடைய மகள் அபிக்குக் காதுகுத்து. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி தன் அண்ணனுடைய மடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நிர்மலாவுக்கு அந்த விசேஷத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை.

பக்தவச்சலம் சொல்லிவிட்டார்: "மாப்ள வந்து வாய் தொறந்து கூப்ட்டா வரேன். இல்லேன்னா மலைக்குக் கீழயே நின்னு கும்புட்டுக்கறேன்." பூபாலனும் சொல்லிவிட்டான்: "அவரு மொதல்ல பேசட்டும். அப்பால கூப்புடறேன்." பேசாத இரண்டு பேரில் யார் முதலில் பேசுவது என்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. போன வாரம் பூபாலன், பெங்களூரில் வேலை செய்கிற கதிரவனிடம் போனில் பேசி மடிக்கு ஏற்பாடு செய்துவிட்டான். கதிரவன் நிர்மலாவின் பெரியப்பா மகன். அபியை இதுவரை போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. "பையனா, பொண்ணா?" என்று போனில் கேட்டிருந்தான்.

அந்தக் காதுகுத்துக்கு வெற்றிலை, மஞ்சள், சந்தனம் வாங்கத்தான் குழந்தையை நாத்தனார் புஷ்பலதாவிடம் விட்டுவிட்டு இருவரும் இன்று வந்திருந்தார்கள்.

நிர்மலா மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் கடை பக்கத்துலதான் கீது."

"தெரியும்."

"ஒடஞ்ச சாவி எடுக்கறதுல அண்ணன்தான்..."

"தெரியும்னு சொல்றேன்ல."

பூபாலன் ஊரில் இருக்கும் மெக்கானிக் விஷ்ணுவுக்கு போன் போட்டான். "டிரில் போட்டு சுவிட்சை வெளிய எடுத்துடலாம்ணா, புது சுவிட்சு மாட்டிக்கலாம்" என்றான் விஷ்ணு. ஒரிஜினல் சுவிட்சில் ஓட்டை போடச் சொன்னவனோடு மேலே பேச பூபாலனுக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டான்.

அப்போதுதான் பூஜை சாமான் கடைக்காரர் ராஜகோபால் வெளியே வந்தார். அடுத்தவர் வண்டி பழுதானால் அவருக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும்.

"இதுக்குப் போயி யோசிச்சிகினு நிக்கிறியேப்பா. கையில கீற பாதியில ஒரு சொட்டு ஒட்டுப் பசை வையி. உள்ள கீற பாதியோட வச்சி அழுத்து. ரெண்டு நிமிஷம் புடி. அப்டியே இஸ்துட்டா முழு சாவியா வந்துடும்."

"வருமா?"

"போன மாசம்கூட நம்ம கடையில முருகர் வேல் ரெண்டா ஒடஞ்சிடுச்சி. இதாலதான் ஒட்டினேன். வித்துட்டேன்."

ராஜகோபாலே உள்ளே போய் சின்ன ட்யூபைக் கொண்டுவந்தார். "அண்ணன்கிட்டயே போயிடலாங்க" என்று நிர்மலா இன்னொரு முறை சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதே தப்பாகப் போயிற்று. பூபாலன் ட்யூபை முழுசாகப் பிதுக்கினான்.

இரண்டு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றான். ராஜகோபால் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆங், இப்ப இழு" என்றார். பூபாலன் இழுத்தான். சாவியின் தலை ஆள்காட்டி விரலோடு ஒட்டிக்கொண்டு தனியாக வந்தது. கட்டைவிரல் வரவில்லை. அது ஹெட்லைட் மூடியின் பளபளப்பான இரும்போடு, சாவித் துவாரத்துக்குப் பக்கத்திலேயே, பதிந்துபோயிருந்தது.

மறுபடி இழுத்தான். கையோடு வண்டியும் சேர்ந்து வந்தது.

"வேலு மட்டும் எப்டி ஒட்டிச்சி?" என்று ராஜகோபால் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

நிர்மலா பைகளை இரண்டு பக்கமும் மாட்டினாள். ஹேண்டில்பாரைப் பிடித்தாள். "நடங்க" என்றாள்.

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்கே தெரியும்."

வண்டி போகிற இடத்துக்குப் போவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. நிர்மலா ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, பூபாலன் முன்னால் குனிந்தபடி, கட்டைவிரலை ஹெட்லைட்டில் வைத்துக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தான். மலையிலிருந்து மொட்டையடித்து இறங்கிய ஒரு பெரிய கூட்டம், தலையெல்லாம் சந்தனமாக, எதிரே வந்தது. அவர்களில் ஒருவர் பூபாலனைப் பார்த்துவிட்டு, "அரோகரா!" என்று குரல் கொடுத்தார். மொத்தக் கூட்டமும் "அரோகரா!" என்றது. ஒரு அம்மா ஓடிவந்து அவன் நெற்றியில் விபூதி பூசினாள்.

"இன்னா வேண்டுதல்மா இது? பாத்ததே இல்லியே."

பூபாலன் தலையைத் தூக்கவில்லை. நிர்மலாதான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "குடும்பம் ஒத்துமையா இருக்கணும்னு வேண்டுதல்மா."

"கஷ்டமான வேண்டுதல்தான்" என்றாள் அந்த அம்மா.

பக்தவச்சலத்தின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஆறடி அகலம். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மாடியில் வீடு. பனியனோடு உட்கார்ந்து ஒரு பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்தார். சத்தமே இல்லாமல் புல்லட் வருவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. புல்லட்டைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். அவருடைய மீசை மட்டும் தனியாக ஆடியது. சிரிப்பை அடக்க அவர் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டது நிர்மலாவுக்குத் தெரிந்தது.

"இன்னா நிம்மி?"

"சாவி ஒடஞ்சிட்ச்சிண்ணா."

"ஒடஞ்ச சாவி எங்க?"

"பாதி உள்ள கீது. பாதி அவரு வெரல்ல கீது."

"வெரலு?"

"வெரலு வண்டியில கீது."

"ஆங்." பக்தவச்சலம் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். மாப்பிள்ளையைச் சுற்றியும்தான் வந்தார், ஆனால் அங்கே ஆள் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நிம்மி, மொதல்ல வெரல எடுக்கணுமா, சாவிய எடுக்கணுமான்னு கேளு."

பூபாலன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சாவின்னு சொல்லு. வெரலு என்னோடதுதான், எங்கியும் பூடாது."

"டிரில் போடமாட்டேன்னும் சொல்லு" என்றார் பக்தவச்சலம். "ஒரிஜினல் சுவிட்சு. இந்த மாதிரி இப்ப கெடைக்கவே கெடைக்காது. தேடினாலும் கெடைக்காது."

பூபாலன் பலமாகத் தலையாட்டினான். அதையும் சுவரிடமே காட்டிக்கொண்டான்.

பக்தவச்சலம் டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தார். மெல்லிய ஊசியை விட்டுக் கிளறினார். மஞ்சளாக ஒரு தூள் உதிர்ந்தது. கையில் எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"நிம்மி, இது சாவி ஓட்டையா, மொட்டத் தலையான்னு கேளு."

"ஏன்ணா?"

"உள்ள முச்சூடும் சந்தனம். காய்ஞ்சி கல்லாட்டம் கீது. யாரு இதுக்குள்ள சந்தனம் வச்சது?"

பூபாலன்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டியைத் துடைத்து, இரண்டு சக்கரம், டேங்க், ஹெட்லைட், சாவித் துவாரம் என்று ஐந்து இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவான். சாவித் துவாரம்தான் வண்டிக்கு நெற்றி என்பது அவன் கணக்கு. சாவியைப் போடும்போதெல்லாம் நெற்றியில் இருந்த பொட்டு உள்ளே போயிருக்கிறது. ஐந்து வருஷப் பொட்டு.

"வண்டிக்குப் பொட்டு வைக்கறது தப்பான்னு கேளு" என்றான் பூபாலன்.

"பொட்டு வைக்கறது தப்பில்ல. பொட்ட ஊட்டறதுதான் தப்புன்னு சொல்லு."

போன கிருத்திகைக்கு வண்டியைத் துடைத்தது நிர்மலாதான். காதுகுத்து நல்லபடி நடக்கட்டும் என்று எட்டணா அகலத்துக்கு ஒரு பொட்டை அவளே அந்த இடத்தில் வைத்திருந்தாள். திருப்பதி பஸ் போகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது.

சந்தனத்தைக் கிளறி எடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் பசை இருந்தது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வேண்டும் என்றார் பக்தவச்சலம். எதிரிலேயே மோனிஷாவின் ஃபேன்சி ஸ்டோர். மோனிஷா தன் சொந்த பாட்டிலில் மீதி இருந்ததைத் தந்தாள். அது சாவித் துவாரத்துக்கே சரியாகப் போயிற்று. விரலுக்கு மிச்சமில்லை.

பசை இளகப் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். பத்து நிமிஷமும் பூபாலனின் மூக்குக்கும் பக்தவச்சலத்தின் காதுக்கும் இடையே அரை முழம்தான் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் பேசாமல் இருப்பது சுலபமில்லை. பூபாலன் சுவரில் தொங்கிய சாவிகளை எண்ணினான். பக்தவச்சலம் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

பிறகு வேலை தொடங்கியது. சாவி லேசாகத் திரும்பிய நிலையில் உடைந்திருந்தது. அதைப் பழையபடி நேராகக் கொண்டுவந்தால்தான் உள்ளே இருக்கும் தகடுகள் அதை விடும். பக்தவச்சலம் இடது கையில் ரம்பத் துண்டு ஒன்றையும், வலது கையில் மீன் முள் போன்ற ஒரு கொக்கியையும் வைத்திருந்தார். சின்ன ஸ்க்ரூடிரைவரால் துவாரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப மூன்றாவது கை தேவைப்பட்டது. நிர்மலா முயன்றாள். இரண்டு தலைகளுக்கு நடுவே அவள் கை நுழையவில்லை. அங்கே இருந்த ஒரே சும்மா இருக்கிற கை பூபாலனின் இடது கைதான்.

"ஸ்க்ரூடிரைவர அவர் கையில குடு. எடது பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லு."

"எடது பக்கம் கொஞ்சம் திருப்புவீங்களாம்."

பூபாலன் திருப்பினான்.

"போதும்னு சொல்லு!"

அது பூபாலன் காதில் விழுந்தது. அரை முழத்தில் இருக்கும் காதில் விழாமல் இருக்குமா? ஆனால் அது அவனுக்குச் சொன்னதில்லையே. மனைவி சொல்லும் வரை திருப்பிக்கொண்டே இருந்தான்.

"போதுமாம்ங்க!"

"இப்ப சொல்லி இன்னா பிரயோஜனம்? தாண்டிப்பூட்ச்சி" என்றார் பக்தவச்சலம்.

இரண்டாவது முறை நிர்மலா வேகமாகச் சொன்னாள். கொக்கி பிடித்தது, அவள் "நிறுத்துங்க" என்று முடிப்பதற்குள் விட்டது. மூன்றாவது முறை சாவித் துண்டு நூல் அளவு வெளியே வந்து, பூபாலன் "இழுக்கச் சொல்லு" என்று சொல்லி, அவள் "அண்ணா, இழு..." என்பதற்குள் பழைய இடத்துக்கே போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சட்டுனு சொல்ல மாட்டியா நீ?" என்றான் கணவன்.

"வாயில இன்னா வச்சிகினுகீற?" என்றார் அண்ணன்.

நிர்மலா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். இத்தனை வருஷமும் அவளுக்கு இல்லாத கோபம் அப்போது வந்தது.

"நான் இன்னா போஸ்ட்மேனா? ரெண்டு பேரு காதுலயும் ரெண்டு பேரு பேசறதும் உழுது. நடுவுல நான் எதுக்கு? வெள்ளிக்கிழம எம் பொண்ணு யாரோ ஒருத்தன் மடியில ஒக்காந்து அழப்போறா, அத நெனச்சி எனக்குத் தூக்கமே இல்ல. உங்களுக்குச் சாவிதான் முக்கியம். எடுங்க. எடுக்காத போங்க. இனிமே நீங்களாச்சி, உங்க வண்டியாச்சி."

"எங்க போற?" என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

"வெரலுக்கு மருந்து வாங்க."

எதிர்க்கடைக்குத்தான் போனாள். மோனிஷா உள்ளே அட்டைப்பெட்டிகளில் தேடி ஒரு புது பாட்டிலைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு ஸ்டூலையும் நகர்த்திப் போட்டாள். "அக்கா, ஒக்காருங்க. இங்கேர்ந்தே எல்லாம் கேக்கும்" என்றாள்.

பூபாலன் ஸ்க்ரூடிரைவரை மறுபடி துவாரத்தில் வைத்தான். பிறகு பக்தவச்சலம் வண்டியிடம் பேசினார். "வண்டி கொஞ்சம் எடது பக்கம் திரும்பினா தேவல."

பூபாலன் சுவரிடம் பேசினான். "எத்தினி திரும்பணும்னு சொன்னாதான வண்டிக்குத் தெரியும்."

"அரிசி அளவு."

"பச்சரிசியா, புழுங்கலரிசியா?"

"சீரகச் சம்பா."

ஸ்க்ரூடிரைவர் அசைந்தது. பக்தவச்சலம் மூச்சை அடக்கினார். பூபாலன் துவாரத்துக்குள் கண்ணை வைத்துவிட்டதுபோல் குனிந்தான். மோனிஷா வளையல் அடுக்குவதை நிறுத்தினாள். நிர்மலா பாட்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

"மாப்ள, அசையாத! அப்டியே நில்லு!"

"வருது பாவா! இழு! இழு பாவா!"

இரண்டு சத்தமும் சந்தில் முட்டிக்கொண்டன. டிக்கென்று ஒரு சின்ன ஒலி. பக்தவச்சலத்தின் கொக்கி நுனியில், சந்தன மஞ்சளோடு, பாதிச் சாவி தொங்கியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். பிறகு நினைவு வந்ததுபோல் சிரிப்பு நின்றது.

"நீதான் மொதல்ல பேசின" என்றார் பக்தவச்சலம்.

"நானா? நீங்கதான் மாப்ளன்னீங்க."

"நான் வண்டிகிட்ட சொன்னேன்."

"வண்டி உங்களுக்கு மாப்ளயா?"

"நிம்மி! இங்க வா. யாரு மொதல்ல பேசனது, சொல்லு."

நிர்மலா சந்தைக் கடந்து வந்தாள். யார் முதலில் பேசினார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மோனிஷாவுக்கும் தெரியும். அந்த இரண்டு பெண்களும் அதை யாரிடமும் சொன்னதில்லை. "ரெண்டும் ஒண்ணாதான் கேட்டிச்சி" என்றாள் நிர்மலா. "வேணும்னா அவளக் கேளுங்க." எதிர்க்கடையிலிருந்து மோனிஷா, "ஆமாண்ணா, ஒண்ணாதான்" என்றாள்.

தீர்ப்பு இரண்டு பக்கமும் திருப்தியாக இருந்தது. யாரும் தோற்கவில்லை.

பக்தவச்சலம் சாவித் துண்டைத் துணியில் துடைத்தார். விரலில் ஒட்டியிருந்த தலைப் பகுதியோடு அதைப் பொருத்திப் பார்த்தார். "நல்ல சாவி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்ல வண்டியும்தான். எடைக்குப் போடற வண்டி இல்ல" என்றார்.

பூபாலன் தரையைப் பார்த்தான். "இந்த மாதிரி எடுக்கறதுக்கு அரக்கோணத்துல ஆள் கெடையாது" என்றான். "சென்னையிலயும் கெடையாது."

நிர்மலா பாட்டில் மூடியைத் திறக்காமல் நின்றாள். விரல் வந்துவிட்டால், புதுச் சாவி வெட்டிவிட்டால், வண்டியை உதைத்துக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் பூபாலனுக்கு அது புரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினான்.

"பாவா... வெள்ளிக்கிழம காலையில ஏழரைக்கு மேல, மலையில, நம்ம அபிக்கு..." என்று சொல்லி, பையிலிருந்து வெற்றிலைக் கட்டை இடது கையால் எடுத்து நீட்டினான்.

பக்தவச்சலம் ஓரடி பின்னால் நகர்ந்தார். "எடது கையாலயா கூப்புடற? இதுக்கு வேற ஒரு அஞ்சு வருஷமா?"

"பாவா, இது தெரிஞ்சி செய்யல. அந்தக் கை வண்டியில கீது!"

"அப்ப அது வரட்டும். நான் இங்கதான கீறேன்."

நிர்மலா பாட்டிலைத் திறந்த வேகத்தில் பாதி அவள் கையிலேயே கொட்டியது. அண்ணனும் தங்கையுமாக, பஞ்சால் ஒற்றி ஒற்றி, பூபாலனின் கட்டைவிரலை நூலளவு நூலளவாக மீட்டு, ஆள்காட்டி விரலிலிருந்து சாவித் தலையையும் எடுத்தார்கள். வெளியே வந்த விரல் ஊறுகாய்போல் சுருங்கியிருந்தது. அந்தச் சத்தம் எல்லாம் கேட்டு, மாடிப்படியில் அண்ணி ரஞ்சிதம் ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சத்தம் அங்க? யாரு வந்துகீறது?"

"மாப்ள வந்துகீறாரு" என்றார் பக்தவச்சலம். சாதாரணமாகச் சொல்ல நினைத்திருப்பார். குரல் உடைந்துவிட்டது. "அபி காதுகுத்துக்குக் கூப்புட வந்துகீறாரு."

ரஞ்சிதம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூபாலன் வெற்றிலையோடு வலது கையை நீட்டப்போனான்.

"இருங்க, இருங்க" என்றாள் அவள். "தாய்மாமன சாவிக்கடையில நிக்கவச்சா கூப்புடறது? மேல வாங்க. இவர பாருங்க, பனியனோட நிக்கிறாரு. சட்டைய மாட்டுங்க. அம்மாடி, காப்பிப் பொடி வேற தீந்துபோச்சே!"

பக்தவச்சலம் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சட்டையைத் தேடி, பித்தானை ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டு படியேறினார். பின்னாலேயே பூபாலன் வெற்றிலை, பாக்கு, மஞ்சளை வலது கையில் ஏந்திக்கொண்டு போனான். பாதிப் படியில் நின்று நிர்மலாவைப் பார்த்தான்.

"கதிரவனுக்கு போன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடு."

"வேணாம்னு சொல்லக் கூடாதுங்க. வரட்டும், வந்து சாப்ட்டுப் போவட்டும்."

"ஆங். அதுவும் சரி. கொழந்தை பையன் இல்ல, பொண்ணுன்னு மட்டும் சொல்லிடு."

அவன் மேலே போனதும் நிர்மலா அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. புல்லட், சாவி இல்லாமல், சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. மாடியிலிருந்து பேச்சு கேட்டது. முதலில் ரஞ்சிதத்தின் குரல். பிறகு இரண்டு ஆண்களும் சேர்ந்து ஏதோ பெரிய குரலில் பேசினார்கள். அவள் பதறிப்போய் எழுந்தாள். டாப்பெட் என்ற வார்த்தை காதில் விழுந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

அப்போது ஒருவர், துணிக்கட்டை ஏற்றிய டிவிஎஸ் வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்போல இருந்தார்.

"அவசரம்மா, தறி வூட்டுப் பூட்டு. தொறக்க மாட்டேங்குது. கடைக்காரர் இல்லியா?"

"கீறாரு. மேல கீறாரு."

"கொஞ்சம் கூப்புடறியாம்மா?"

"இப்ப வரமாட்டாருங்க" என்றாள் நிர்மலா. "அவுரு மாப்ள வந்துகீறாரு. நாளைக்கு வாங்க."